முதல் லினக்ஸ்: எதை எடுப்பது, எப்படிப் போடுவது

லினக்ஸ் என்பது விண்டோஸைப் போல ஓர் இயங்குதளம். “எந்த லினக்ஸ் போடலாம்?” என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: அந்தக் கம்ப்யூட்டரில் தினமும் என்னென்ன வேலை பார்க்கிறீர்கள்? பதிலை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்வேன். மெயில், வங்கிக் கணக்கு, யூடியூப், கடிதம் அடிப்பது, போனிலிருந்து படங்களை இறக்கி வைப்பது என்று பட்டியல் போனால் கவலையே இல்லை. எந்த லினக்ஸிலும் இதெல்லாம் நடக்கும். பட்டியலில் ஆட்டோகேட், போட்டோஷாப், மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகள், விண்டோஸில் மட்டுமே வேலை செய்கிற ஏதாவது ஒரு கருவி என்று வந்தால் அங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும்.

என் தங்கை கட்டடக்கலை படிக்கிறாள். அவளுடைய லேப்டாப்பில் லினக்ஸ் வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஆட்டோகேட் லினக்ஸுக்கு வருவதில்லை, அவள் வகுப்பு முழுக்க அதில்தான் ஓடுகிறது. சித்தப்பாவின் கதை வேறு. அவருக்குச் செய்தி படிக்க வேண்டும், வீடியோ பார்க்க வேண்டும், பேரனோடு முகம் பார்த்துப் பேச வேண்டும். அவருடைய பழைய லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ் மட்டும்தான். விளையாட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் இருக்கும் ஏராளமான விண்டோஸ் விளையாட்டுகள், அவற்றை லினக்ஸில் ஓடச் செய்யும் புரோட்டான் என்ற கருவி வழியாக லினக்ஸில் ஓடும். ஆனால் வேலரன்ட் போல, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் அடிமட்டம் வரை இறங்கி உட்காரும் விளையாட்டுகள் ஓடாது.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, ஓரளவு புதிய பிராசஸர் கேட்கிறது. அதனால் ஒரு பழுதும் இல்லாத எத்தனையோ கம்ப்யூட்டர்கள் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் நிற்கின்றன. நல்ல கீபோர்டு, நல்ல திரை, போதுமான வேகம் எல்லாம் இருந்தும் ஒரு மெஷினைக் குப்பையில் போடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

எதை எடுப்பது

இந்தக் கட்டத்தில்தான் மக்கள் வாரக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். ஒப்பீட்டு வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் குழம்பி, கடைசியில் எதையுமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். தேர்வுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். மிச்சப்படும் நேரத்தை ஒத்திகைக்கும் பேக்கப்புக்கும் கொடுங்கள். ஒரு நிறுவல் நன்றாக முடிவதும் சொதப்புவதும் அங்கேதான் தீர்மானமாகிறது.

லினக்ஸ் என்பது சரியாகச் சொன்னால் கெர்னல், அதாவது வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் மையப் பகுதி மட்டும்தான். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதன் மேல் டெஸ்க்டாப், மென்பொருள் கிடங்கு, நிறுவும் கருவி எல்லாம் சேர்த்துக் கட்டித் தருவதைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. முதல்முறை வருகிறவருக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் பதிப்பு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரமும் வைஃபையும் என்று கைக்குப் பழகிய இடத்தில் எல்லாம் இருக்கும். உள்ளே இருப்பது உபுண்டு என்ற இன்னொரு டிஸ்ட்ரோவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. ஆகவே உபுண்டுக்கு எழுதப்பட்ட உதவிக் குறிப்புகளில் பெரும்பாலானவை மின்ட்டுக்கும் பொருந்தும். 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். 2 ஜிபி ரேம் இருந்தால் ஓடும் என்று மின்ட் சொல்கிறது, வசதியாக இருக்க 4 ஜிபி. 20 ஜிபி இடத்தில் நிறுவிவிடலாம், 100 ஜிபி இருந்தால் மூச்சுவிட இடம் இருக்கும். ஆனாலும் 4 ஜிபி ரேம் மட்டுமே உள்ள மெஷின் என்றால் சின்னமனுக்குப் பதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். பார்க்கக் கொஞ்சம் எளிமையாக இருக்கும், ஆனால் இலகுவாக ஓடும்.

வேறு எதுவும் கூடாது என்று சொல்லவில்லை. உபுண்டு நல்லது, திரையமைப்பு விண்டோஸிலிருந்து மாறுபட்டது, பழக இரண்டு மூன்று நாள் ஆகும். ஜோரின் ஓஎஸ் விண்டோஸிலிருந்து வருகிறவர்களை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. லேப்டாப் இப்போதுதான் சந்தைக்கு வந்த மாடல் என்றால் மட்டும் என் பரிந்துரை மாறும். புத்தம்புது வைஃபை சிப்பையும் கிராபிக்ஸையும் அடையாளம் காணப் புதிய கெர்னல் வேண்டும், அது ஃபெடோராவில் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய 13 மாதம்தான் ஆதரவு, வருடம் ஒரு முறையாவது மேம்படுத்த வேண்டியிருக்கும். ஆர்ச் லினக்ஸை இப்போது தொட வேண்டாம். பிறகு ஆசை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மிகப் பழைய 32 பிட் மெஷின் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: வழக்கமான மின்ட் 2020-இல் வந்த 20-ஆம் பதிப்பிலிருந்து 64 பிட்டில் மட்டும்தான் கிடைக்கிறது.

இன்னொன்று. “மெதுவாக இருக்கிறது, இதைவிட லேசான லினக்ஸ் இருக்கிறதா?” என்று கேட்பவர்களின் மெஷினைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். எந்த டிஸ்ட்ரோ மாற்றமும் தராத வேகத்தை அது தரும். சித்தப்பாவின் லேப்டாப்பிலும் எஸ்எஸ்டி மாற்றிய பிறகுதான் மின்ட் போட்டேன்.

பேக்கப்: இதில் அவசரம் வேண்டாம்

படங்கள், டாக்குமென்ட் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுப்பது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறந்துபோகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்டிரைவ் பயன்படுத்தினால் ஃபோல்டரில் தெரிகிற கோப்பு உண்மையில் உங்கள் டிஸ்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் கோப்பு இணையத்தில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். நகலெடுக்கும் முன் அதை மெஷினுக்குக் கொண்டுவர வேண்டும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் இருக்கின்றன. அவுட்லுக்கில் பல வருட மெயில்கள் ஒரே பிஎஸ்டி கோப்பாக எங்கோ ஓர் ஓரத்தில் கிடக்கும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் என்ற இரண்டு ஃபோல்டர்களில்தான் பலருடைய பாதி வாழ்க்கை கிடக்கிறது, ஆனால் அவற்றை யாரும் பேக்கப் எடுப்பதில்லை.

நகலெடுத்த பிறகு அந்த டிஸ்க்கை வேறு ஒரு கம்ப்யூட்டரில் செருகி, அங்கங்கே சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் இருப்பதைக் குறியாக்கிப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. சமீப வருடங்களில் வந்த விண்டோஸ் லேப்டாப்களில் இது நாம் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடப்போகிறீர்கள் என்றால் இதைக் கவனிக்காமல் நகரவே கூடாது. மெஷின் எழும் விதத்தை, அதாவது பூட் அமைப்பைக் கைவைத்து மாற்றினால் விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பது போனதுதான். முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவியைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் விண்டோஸ் செட்டிங்ஸில் குறியாக்கத்தை அணைத்துவிடுங்கள். முழுவதும் நீங்கச் சில மணி நேரம்கூட ஆகலாம், காத்திருங்கள்.

கூடவே கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்போது விண்டோஸை ஷட் டவுன் செய்தாலும் அது முழுசாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியாது, கட்டாயப்படுத்தி எழுதினால் கோப்புகள் கெடும்.

விண்டோஸே வேண்டாம், முழுசாக மாறப்போகிறேன் என்பவர்களுக்கு இந்த இரண்டு தலைவலியும் இல்லை.

பென்டிரைவ் தயாரித்தல்

மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவத் தேவையானதெல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பை இறக்குங்கள். ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். இறங்கிய கோப்பு சரியானதுதானா என்று சோதிப்பதைப் பலர் தாண்டிப் போகிறார்கள். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். ஒரு நாளுக்குள் கண்டுபிடித்துச் சொன்னார்கள் என்றாலும் அதற்குள் இறக்கியவர்கள் இருந்தார்கள். இறங்கும்போது இணைப்பு விட்டுவிட்டு வந்து கோப்பு கெடுவது அதைவிட அடிக்கடி நடக்கும்.

சோதிப்பது கஷ்டமில்லை. விண்டோஸில் செவன்-ஜிப் இருந்தால் ஐஎஸ்ஓ மேல் ரைட் கிளிக் செய்து, சிஆர்சி எஸ்எச்ஏ என்ற மெனுவில் எஸ்எச்ஏ-256-ஐத் தேர்ந்தெடுங்கள். நீண்ட எண்ணும் எழுத்துமாக ஒரு வரி வரும். மின்ட் தளத்தில் அந்த ஐஎஸ்ஓவுக்குக் கொடுத்திருக்கும் வரியோடு அது ஓர் எழுத்து பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தவில்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி இறக்குங்கள்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஐஎஸ்ஓவை அதில் அப்படியே காப்பி செய்தால் பூட் ஆகாது, எழுதுவதற்கு ஒரு கருவி வேண்டும். பலேனா எட்சர் மிக எளிது: கோப்பைக் காட்டு, பென்டிரைவைக் காட்டு, எழுது. விண்டோஸில் ரூஃபஸும் நன்றாக வேலை செய்யும். இரண்டு மூன்று டிஸ்ட்ரோக்களை ஓட்டிப் பார்க்க ஆசையிருந்தால் வென்டாய் போடுங்கள். ஒருமுறை பென்டிரைவில் அதை நிறுவிவிட்டால் பிறகு ஐஎஸ்ஓக்களைச் சும்மா காப்பி செய்தாலே போதும், பூட் ஆகும்போது எது வேண்டும் என்று அதுவே கேட்கும்.

பென்டிரைவிலிருந்து பூட் செய்ய, மெஷினை ஆன் செய்தவுடன் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஃப்9. ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் சில மாடல்களில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) போய் அந்த வசதியை முதலில் இயக்க வேண்டியிருக்கும். விசை பிடிபடவில்லையா, விண்டோஸ் ஓடும்போதே ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்பதில் பென்டிரைவ் தெரியும்.

ஒத்திகை

பென்டிரைவிலிருந்து மின்ட் எழுந்ததும் முழு டெஸ்க்டாப் வரும். இது இன்னும் உங்கள் டிஸ்க்கைத் தொடவில்லை. மெஷினை அணைத்தால் வந்த சுவடே இருக்காது. டெஸ்க்டாப்பில் நிறுவுவதற்கான ஐகான் கண்ணெதிரே இருக்கும், அதைக் கிளிக் செய்யக் கை துறுதுறுக்கும். வேண்டாம். குறைந்தது ஒரு வாரம் இந்த லைவ் நிலையிலேயே, கிடைக்கிற நேரத்தில் பயன்படுத்திப் பாருங்கள்.

வைஃபை சேருகிறதா? யூடியூபில் ஒரு வீடியோவை முழுத்திரையில் ஓட்டுங்கள், படம் திக்குகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, ஹெட்போன் செருகினால் சத்தம் அதற்கு மாறுகிறதா? வெளிச்சத்தைக் கூட்டும் குறைக்கும் விசைகள்? டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்தினால் பக்கம் நகர்கிறதா? வெப்கேம், ப்ளூடூத், பிரிண்டர் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைசியாக லேப்டாப்பின் மூடியைச் சாத்தி, ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். தூங்கி எழுந்திருப்பதில்தான் சில மெஷின்கள் தகராறு செய்யும். திரை கருப்பாகவே நின்றால் அந்த மாடலின் பெயரோடு தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பூட் ஆகும்போதே திரை கருப்பாகிவிட்டால், குறிப்பாக என்விடியா கிராபிக்ஸ் உள்ள மெஷினில், பயப்பட வேண்டாம். முதல் மெனுவில் ‘கம்பேட்டிபிலிட்டி மோட்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் போங்கள். நிறுவிய பிறகு சரியான டிரைவர் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது பலருக்குத் தோன்றாத சோதனை. உங்கள் சொந்தக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். வேர்டில் அடித்த நீளமான ஒரு டாக்குமென்ட், கணக்கு எழுதும் எக்செல் ஷீட் இரண்டையும் மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபீஸில் திறந்தால் எப்படித் தெரிகிறது? எளிய கோப்புகள் அப்படியே வரும். அட்டவணையும் படமும் நிறைந்தவை கொஞ்சம் இடம் மாறலாம். அந்த மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. நிறுவிய பிறகு தெரிந்துகொண்டு வருத்தப்படுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

வேகத்தை மட்டும் இந்தக் கட்டத்தில் எடை போடாதீர்கள். எல்லாம் பென்டிரைவிலிருந்து வருவதால் மெதுவாகத்தான் இருக்கும்.

லைவ் நிலையில் இருக்கும்போதே மெனுவில் ‘டிஸ்க்ஸ்’ என்று தேடித் திறந்து, உங்கள் டிஸ்க்கின் ஸ்மார்ட் தகவலைப் பாருங்கள். டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா, கெட்டுப்போன பகுதிகள் சேர்ந்துகொண்டிருக்கின்றனவா என்று அது சொல்லிவிடும். சாகப்போகிற டிஸ்க்கில் புது இயங்குதளம் போடுவதில் பயனில்லை.

நிறுவுதல்

ஒத்திகை திருப்தியாக இருந்தால் நிறுவுவது அரை மணி நேர வேலை. சார்ஜரைச் செருகிக்கொள்ளுங்கள். ஐகானை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள்.

மொழி கேட்கும். தமிழும் பட்டியலில் உண்டு. நான் ஆங்கிலத்தில் நிறுவிவிட்டுப் பிறகு தமிழுக்கு மாற்றச் சொல்வேன். நிறுவும்போது ஏதாவது பிழைச்செய்தி வந்தால் அதை அப்படியே தேட வசதியாக இருக்கும். கீபோர்டு அமைப்பை அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள். கீழே இருக்கும் பெட்டியில் மேற்கோள் குறி, அட் குறி எல்லாவற்றையும் அடித்துப் பாருங்கள். அமெரிக்க அமைப்புக்குப் பதில் பிரிட்டிஷ் அமைப்பு தேர்வாகியிருந்தால் இந்த இரண்டும் இடம் மாறி வரும், பாஸ்வேர்டில் அட் குறி வைத்தவர் உள்ளே நுழையவே திண்டாடுவார்.

‘மல்டிமீடியா கோடெக்ஸ்’ என்ற பெட்டியை டிக் செய்யுங்கள், வீடியோ பாட்டு எல்லாம் ஓட அது வேண்டும். செக்யூர் பூட் (அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் பாதுகாப்பு) இயங்கும் மெஷின் என்றால் இங்கே ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லலாம். எளிதான ஒன்றை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பூட்டில் ஒரு நீலத் திரை வந்து ‘என்ரோல் மோக்’ என்று கேட்கும், அங்கே இந்த பாஸ்வேர்டைக் கொடுத்தால் விஷயம் முடிந்தது. அந்தத் திரை கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். ஏதோ வைரஸ் என்று பயந்து சிலர் அணைத்துவிடுகிறார்கள், அப்புறம் சில டிரைவர்கள் வேலை செய்யாமல் நிற்கும்.

அப்புறம் வருவதுதான் முக்கியமான திரை. ‘எரேஸ் டிஸ்க்’ என்பது டிஸ்க் முழுவதையும் துடைத்துவிட்டு மின்ட் போடும். ‘இன்ஸ்டால் அலாங்சைட்’ என்பது விண்டோஸுக்குப் பக்கத்தில் இடம் பிரித்துப் போடும். ‘சம்திங் எல்ஸ்’ என்பதில் பார்ட்டிஷன்களை, அதாவது டிஸ்க்கின் பகுதிகளை நீங்களே பிரிக்க வேண்டும், முதல்முறை அது தேவையில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பேக்கப் திறந்து பார்த்தாயிற்று, பட்டியலில் விண்டோஸ் மென்பொருள் எதுவும் இல்லை என்றால் முழுசாகத் துடைத்துப் போடுவதுதான் நல்லது. இரண்டையும் வைத்துக்கொண்டால் சின்னச் சிரமம் வரும்போதெல்லாம் விண்டோஸுக்கு ஓடிவிடுவோம், லினக்ஸ் கைக்குப் பழகாது. ஆனால் விண்டோஸ் உண்மையிலேயே தேவைப்படுகிறவர் தயங்காமல் இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். அப்படியென்றால் விண்டோஸுக்குள்ளேயே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி, 60 ஜிபி முதல் 100 ஜிபி வரை காலி இடம் விட்டுவிட்டு வாருங்கள். மெஷினில் இரண்டாவது டிஸ்க் போட இடம் இருந்தால் அதில் லினக்ஸ் வைப்பது இதைவிடச் சுத்தம்.

நிறுவும் கருவிக்கு உங்கள் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் பயாஸில் ஸ்டோரேஜ் அமைப்பு இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருப்பது. அதை ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும். விண்டோஸை வைத்துக்கொள்கிறவர் நேரடியாக மாற்றிவிட்டால் விண்டோஸ் எழுந்திருக்காது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் பூட் ஆகும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏறிய பிறகு பழையபடி விட வேண்டும்.

வெளியே எடுத்துக்கொண்டு அலைகிற லேப்டாப் என்றால் ‘எரேஸ் டிஸ்க்’ தேர்வுக்குக் கீழே ‘அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்’ என்பதற்குள் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மெஷின் தொலைந்தாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது. அந்த பாஸ்வேர்டை மறந்தால் உங்களாலும் படிக்க முடியாது. எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு பெயர், பாஸ்வேர்டு, நேர மண்டலம். முடிந்ததும் பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர் அழுத்தச் சொல்லும். மெஷின் மீண்டும் எழும்போது நேராக விண்டோஸுக்கே போனால் நிறுவல் தோற்றது என்று நினைக்காதீர்கள். பயாஸில் பூட் வரிசையில் ‘உபுண்டு’ என்ற பெயரைத் தேடி மேலே ஏற்றுங்கள். மின்ட் அங்கே அந்தப் பெயரில்தான் பதிவாகிறது. இரண்டு இயங்குதளமும் இருக்கும் மெஷினில் விண்டோஸ் கடிகாரம் தப்பாகக் காட்டினால் அதுவும் பழுதல்ல: மெஷினின் உள்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிக்கின்றன. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

முதல் நாள்

வரவேற்புத் திரையில் ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். அதில் நான் முதலில் போவது டைம்ஷிஃப்ட். இது இயங்குதளத்தின் நிலையை அப்படியே பிடித்து வைக்கும். பிறகு ஏதாவது அப்டேட்டில் கோளாறு வந்தால் பழைய நாளுக்குத் திரும்பிவிடலாம். வழக்கமான அமைப்பில் உங்கள் படங்களையும் டாக்குமென்ட்களையும் இது காப்பாற்றாது. அவற்றுக்குத் தனி பேக்கப் எப்போதும் வேண்டும்.

டைம்ஷிஃப்ட் முதல் நகலை எடுத்து முடித்ததும் அப்டேட் மேனேஜரை ஓட விடுங்கள். மறுபடி பூட் செய்துவிட்டு டிரைவர் மேனேஜரைத் திறந்து, என்விடியா கார்டு இருந்தால் பரிந்துரை என்று குறித்திருக்கும் டிரைவரைப் போடுங்கள். ஃபயர்வாலை ஒரு பொத்தானைத் தட்டி இயக்கிவிடலாம்.

மென்பொருள் வேண்டுமானால் இணையத்தில் தேடி இறக்கும் பழக்கத்தை விட வேண்டும். இதில்தான் சித்தப்பாவுக்கு அதிக நாள் ஆனது. சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடினால் போதும். விஎல்சி, ஜிம்ப், தண்டர்பேர்டு என்று எல்லாம் அங்கேயே இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் அப்டேட்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதி வடிவில் வரும் மென்பொருள்களில் சரிபார்க்கப்படாதவற்றை மின்ட் 22 தானாகவே மறைத்து வைக்கிறது. அதை அப்படியே விடுங்கள். எங்கோ படித்த கட்டளையை டெர்மினலில் ஒட்டும் முன் அது என்ன செய்கிறது என்று ஒரு வரியாவது தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் இன்னும் கவனம்.

தமிழ்

தமிழ் படிக்க ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தட்டச்சுக்கு, சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்பதை நிறுவுங்கள். அப்புறம் மெனுவில் ‘இன்புட் மெத்தட்’ திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக் அவுட் செய்துவிட்டு உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப் பொறி, இன்ஸ்கிரிப்ட் என்று பல விசைமுறைகள் வரும். ஏற்கெனவே பழகியதை எடுங்கள். எதுவும் பழகவில்லை என்றால் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்யெழுத்துகள் வலது கைப்பக்கம், தேவையான இடத்தில் புள்ளியைப் பெரும்பாலும் அதுவே வைத்துக்கொள்ளும். கை பழகிவிட்டால் ஒலிபெயர்ப்பைவிடக் குறைந்த தட்டல்களில் எழுதிவிடலாம்.

பழைய டாக்குமென்ட்களைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளும் குழம்பித் தெரிகிறதென்றால் அவை யூனிகோடு வருவதற்கு முந்தைய முறையில், பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவை. விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவை பேக்கப் எடுக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்ட்டில் அந்தக் கோப்பை இரண்டு முறை கிளிக் செய்து நிறுவினால் டாக்குமென்ட் பழையபடி தெரியும். நேரம் கிடைக்கும்போது அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைப்பது நல்லது.

எப்போதாவது எங்காவது நின்றுபோய் யாரிடமாவது உதவி கேட்க நேர்ந்தால், “வைஃபை வரவில்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்தால் மெஷினின் மாடல், கெர்னல், வைஃபை சிப், கிராபிக்ஸ் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும், காப்பி செய்ய ஒரு பொத்தானும் இருக்கும். அதை ஒட்டி, கடைசியாக என்ன செய்தீர்கள், திரையில் என்ன வந்தது என்று இரண்டு வரி சேர்த்துக் கேளுங்கள். விவரம் கையில் இருந்தால் பதில் சொல்கிறவர் அதே சிக்கலைத் தீர்த்த அனுபவத்தை நேராகச் சொல்லிவிடுவார்.